பதின்மூன்றாவது வாரம்: ஃபயலூரிடின் ஆய்வில் கல்லீரல்கள் செயலிழந்தது எப்படி?

1993 ஜூன் மாதக் கடைசி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு மருந்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள 15 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். தினமும் வாய்வழியாக ஃபயலூரிடின் என்ற புது மருந்து, மொத்தம் 24 வாரம். படுக்கையில் சேர வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

13-வது வாரத்தில் அவர்களில் ஒருவருக்குத் திடீரென்று கல்லீரல் செயலிழந்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். மீதி எல்லாரிடமும் மருந்தை அப்படியே நிறுத்தச் சொன்னார்கள்.

மருந்து நின்றது, பாதிப்பு நிற்கவில்லை. மருந்தை விட்ட பிறகும் ஒருவர் பின் ஒருவராகக் காமாலை கூடியது, அமிலம் ஏறியது, ரத்தம் உறைவது குறைந்தது. மொத்தம் 7 பேருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு. அவர்களில் 5 பேர் இறந்துபோனார்கள். 2 பேர் கல்லீரல் மாற்று அறுவை செய்து பிழைத்தார்கள். இன்னும் 3 பேருக்கு லேசான பாதிப்பு இருந்தது. சிலருக்குக் கணையம் வீங்கியது, சிலருக்குக் கைகால் நரம்புகளும் தசைகளும் கெட்டன.

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளின் வரலாற்றில் இந்த நிகழ்வைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. விலங்குச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு உதாரணமாகத்தான் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். அது சரிதான், கடைசியில் நானும் அங்கே வருகிறேன். ஆனால் திரும்பத் திரும்பப் படிக்கும்போது என்னை உறுத்துவது வேறொன்று. முந்தைய ஆய்வுகளிலேயே ஆபத்தின் தடயம் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் திறமையானவர்கள், அக்கறையானவர்கள். அவர்கள் அதை நல்ல சேதியாகப் படித்தார்கள். அப்படிப் படிப்பதற்கு நியாயமான காரணமும் இருந்தது. நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு மருந்து கொடுக்கும் யாரும், மருந்து சாப்பிடும் யாரும், புரிந்துகொள்ள வேண்டிய இடம் அதுதான்.

அந்த நாளில் என்ன வழி இருந்தது

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் நிலைத்துவிட்டால் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். அந்தப் பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலில் தழும்பு விழும், சிலருக்கு அது கல்லீரல் முழுக்கத் தழும்பாகி இறுகும் சிரோசிஸ் ஆகும், சிலருக்குப் புற்றுநோயில் முடியும். 1993-ல் இதற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசி மட்டும்தான். அதுவும் 1992-ல்தான் அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். காய்ச்சல், உடம்புவலி, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். இவ்வளவு பட்டும் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் பலன் கிடைத்தது. மீதிப் பேருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

அந்தச் சூழலில் வாயால் சாப்பிடும் ஒரு மருந்து வருகிறது. ஃபயலூரிடின் முதலில் ஹெர்பீஸ் வகை வைரஸ்களுக்காக உருவானது. ஹெபடைடிஸ் பி-க்கும் அது வேலை செய்வதாகத் தெரிந்ததும் குறுகிய கால ஆய்வுகள் நடந்தன. முதலில் இரண்டு வாரம், அப்புறம் 28 நாள். ரத்தத்தில் வைரஸின் அளவு மளமளவென்று சரிந்தது. இன்டர்ஃபெரானில் அவ்வளவு வேகமாக அது குறைந்ததில்லை. அப்போது எல்லாருக்கும் எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும் என்பதை இன்று முழுதாக உணர்வது கஷ்டம். அடுத்த கட்டம் இயல்பானது: ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்போம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மி.கி. அல்லது 0.25 மி.கி. என்று இரண்டு அளவுகளில் 1993-ல் அந்த ஆய்வு தொடங்கியது.

நல்ல சேதி போலத் தெரிந்த எண்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கல்லீரல் நோயாளியின் பரிசோதனைத் தாளில் எல்லாரும் முதலில் தேடும் எண் ஏஎல்டி. அது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம். செல் உடைந்தால் ரத்தத்தில் கொட்டும். எண் ஏறினால் செல்கள் உடைகின்றன என்று அர்த்தம்.

ஹெபடைடிஸ் பி-யில் ஒரு விசேஷம் உண்டு. வைரஸ் தானாக ஒரு செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் நோய் எதிர்ப்பு அணுக்கள்தான் அடையாளம் கண்டு அழிக்கின்றன. அதனால் இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு மூன்று மாதத்தில் ஏஎல்டி திடீரென்று எகிறினால், கல்லீரல் மருத்துவர்கள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். உடம்பு விழித்துக்கொண்டது, வைரஸோடு சண்டை போடுகிறது, கொஞ்ச நாளில் வைரஸ் அடங்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். பல நேரம் அப்படியேதான் நடந்தது. அது கற்பனை இல்லை, அனுபவத்தில் பார்த்து உறுதிசெய்த உண்மை.

இந்த அனுபவத்தோடு ஃபயலூரிடின் ஆய்வுத் தாள்களைப் பார்த்தால் என்ன தோன்றும்? வைரஸ் குறைகிறது, சிலருக்கு ஏஎல்டி ஏறுகிறது. பழகிய கண்ணுக்கு இது நல்ல எகிறல்தான். வைரஸ் குறைவது அந்த நினைப்பை இன்னும் உறுதியாக்கியது. மருந்து வைரஸை அடக்கியது உண்மை. அதே மருந்து கல்லீரலையும் உள்ளிருந்து அழித்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. முதல் உண்மை தெளிவாகத் தெரிந்ததால் இரண்டாவதைத் தேட யாருக்கும் காரணம் தோன்றவில்லை.

முந்தைய ஆய்வுகளில் மருந்தெடுத்த சிலர் பின்னாளில் இறந்திருந்தார்கள். அப்போது அந்தச் சாவுகளெல்லாம் மூலநோயின் கணக்கில் எழுதப்பட்டன. கல்லீரல் நோயாளி கல்லீரல் கெட்டு இறந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் உள்ள மிகப் பெரிய சிக்கலே இதுதான். மருந்தின் நச்சும் மூலநோயும் ஒரே உறுப்பில், ஒரே அறிகுறிகளோடு வருகின்றன. மூட்டுவலி மருந்தால் ஒருவருக்குக் காமாலை வந்தால் உடனே மருந்தின்மேல் சந்தேகம் வரும். கல்லீரல் மருந்தால் காமாலை வந்தால் சந்தேகம் நோயின்மேல் போகும்.

பின்னால் ஆய்வுகளின் கோப்புகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான், தனித்தனியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒரு வரிசை தெரிந்தது. குறுகிய காலம் மருந்தெடுத்துவிட்டுப் போனவர்களிலும் சிலருக்குப் பிற்பாடு பாதம் மரத்துப்போயிருந்தது. மருந்து முடிந்த பிறகு வந்த பிரச்சினை என்பதால் அது மருந்தோடு சேர்த்துப் பார்க்கப்படவில்லை.

லாக்டிக் அமிலம் என்ன சொல்கிறது

7 பேரின் கதையில் மையமான எண் லாக்டேட். சாதாரண வழக்கமான கல்லீரல் பரிசோதனையில் இது இருக்காது. கேட்டு எடுக்க வேண்டும், கவனமாகவும் எடுக்க வேண்டும். கையில் பட்டையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் வைத்திருந்தாலோ, நோயாளி முஷ்டியை மூடி மூடித் திறந்தாலோ எண் பொய்யாக ஏறிவிடும். ஃபுளோரைடு போட்ட சாம்பல்நிற மூடிக் குழாயில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறை வெப்பத்தில் சாதாரணக் குழாயில் கிடந்தால் குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டை உண்டாக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். 4-ஐத் தாண்டினால் மருத்துவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஏன் ஏறுகிறது? செல் சர்க்கரையை உடைத்து, அந்தத் துண்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி, அங்கே ஆக்ஸிஜனோடு எரித்து சக்தி எடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாவிட்டால் துண்டு உள்ளே போக வழியில்லாமல் லாக்டேட்டாக மாறி வெளியே வழியும். இதில் கல்லீரலுக்கு இரட்டை அடி. உடம்பின் மற்ற இடங்களில் உண்டாகும் லாக்டேட்டை வாங்கித் திரும்பச் சர்க்கரையாக்குவது கல்லீரலின் அன்றாட வேலை. கல்லீரலின் மைட்டோகாண்ட்ரியா கெட்டால் உற்பத்தியும் கூடுகிறது, துப்புரவும் நிற்கிறது.

நோயாளிக்கு இது எப்படித் தெரியும்? குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நிற்க முடியாத அசதி. இன்னும் முற்றினால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும், ஓடிவந்தவர் போல. இந்த ஆரம்ப அறிகுறிகள் எதுவும் கல்லீரல் நோயாளிக்குப் புதிதில்லை. வழக்கமான சோர்வுதான் என்று அவரும் நினைப்பார், கேட்பவரும் நினைப்பார்.

நுண்ணோக்கியின் கீழே

கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் புரிய ஆரம்பித்தது. வைரஸ் அழற்சி முற்றிய கல்லீரலில் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்திருக்கும், சுற்றிலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் குவிந்திருக்கும். இங்கே அது மிகக் குறைவு. செல்கள் செத்துப்போகவில்லை, கல்லீரலின் கட்டமைப்பும் பெரிதாகக் குலையவில்லை. ஆனால் ஒவ்வொரு செல்லும் கொழுப்பால் நிறைந்திருந்தது. பெரிய துளிகளும் இருந்தன, நுரை போல நுணுக்கமான துளிகளும் இருந்தன. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியாவின் உருவமே மாறிப்போயிருந்தது.

நுரை போன்ற அந்தக் கொழுப்புத்தான் தடயம். கொழுப்பை எரிப்பதும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. அது படுத்துவிட்டால் எரியாத கொழுப்பு செல்லுக்குள்ளேயே தேங்கும். குழந்தைகளுக்கு வரும் ரை நோய்க்குறியிலும், கர்ப்பகாலத்தில் அபூர்வமாக வரும் கடும் கொழுப்புக் கல்லீரலிலும் இதே காட்சிதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஏஎல்டி செல் உடைவதைச் சொல்லும், செல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. உடையாமலே ஒரு செல் உபயோகமற்றுப் போகலாம். கல்லீரல் வேலை செய்கிறதா என்று கேட்க காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐஎன்ஆர், கல்லீரல் உண்டாக்கும் புரதமான அல்புமின் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஏஎல்டி 300 இருந்து இந்த மூன்றும் நன்றாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஏஎல்டி 100 மட்டுமே இருந்து பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே ஆள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

மருந்து செய்தது என்ன

ஃபயலூரிடின் தைமிடின் என்ற டிஎன்ஏ கட்டைக்குப் போலி. வைரஸ் தன் டிஎன்ஏவைக் கட்டும்போது ஏமாந்து இந்தப் போலிக் கட்டையை எடுத்து வைத்துவிடும், அதோடு கெட்டுப்போகும். மருந்தின் நோக்கம் அதுதான்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டிஎன்ஏ உண்டு என்பதில்தான் கேடு வந்தது. மனிதனில் அது 16,569 இணைகள் கொண்ட ஒரு சின்ன வளையம், அதில் 37 மரபணுக்கள். அதைப் பிரதி எடுப்பதற்கென்றே காமா பாலிமரேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. அந்த என்சைமும் இந்தப் போலிக் கட்டையிடம் ஏமாந்தது.

இந்த வகை மருந்துகளில் பல, சங்கிலியின் நுனியில் உட்கார்ந்து அடுத்த கட்டை சேரவிடாமல் தடுத்துவிடும். ஃபயலூரிடின் அப்படி இல்லை. அடுத்த கட்டை வந்து ஒட்டிக்கொள்வதற்கு வேண்டிய கொக்கி அதில் இருந்தது. அதனால் அது சங்கிலிக்கு நடுவிலேயே நிரந்தரமாகப் பதிந்தது. பக்கத்துப் பக்கத்தில் பல இடங்களில் பதிந்தபோது பிரதி எடுக்கும் வேலை தடுமாறி நின்றது. மருந்தை நிறுத்திய பிறகும் நோய் ஏன் முற்றிக்கொண்டே போனது என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் இருந்த மருந்து போய்விட்டது. டிஎன்ஏவுக்குள் பதிந்தது போகவில்லை.

வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கும். பழைய நல்ல பிரதிகளும் அவை ஏற்கெனவே உண்டாக்கிய புரதங்களும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அவை தேயத் தேய, மாற்று வராமல், ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரேயடியாகச் சரியும். 28 நாள் ஆய்வில் இதைப் பார்த்திருக்க முடியாது. அந்த ஆய்வு முடிந்தபோது அழிவு ஆரம்பித்திருக்கலாம், வெளியே தெரிவதற்குள் கண்காணிப்பு முடிந்துவிட்டது.

விசாரணைகள்

சம்பவத்துக்குப் பிறகு மூன்று தரப்புகள் இதை ஆராய்ந்தன. தேசிய சுகாதார நிறுவனமே ஒரு குழு அமைத்தது. உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, தனியாக ஆராய்ந்தது. 1995-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் தன் அறிக்கையை வெளியிட்டது.

மூன்றின் முடிவும் ஒன்று இல்லை. எஃப்டிஏ முந்தைய ஆய்வுகளில் வந்த பாதகங்கள் சரியாக அடையாளம் காணப்படவில்லை என்று கண்டிப்பாகச் சொன்னது. ஆய்வில் ஒருவருக்கு ஏதாவது கேடு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்ற திசையில் அதன் சிந்தனை போனது. மற்ற இரண்டு தரப்பும் ஆய்வாளர்கள்மேல் அலட்சியக் குற்றம் சுமத்தவில்லை. அப்போது கையில் இருந்த தகவல்களை வைத்து இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியாது என்பது மருத்துவக் கழகத்தின் கருத்து.

என் கருத்தைக் கேட்டால், இரண்டுமே சரி. தனி மனிதர்களைக் குற்றம் சொல்ல இடமில்லை. அதே நேரம் ஒரு நடைமுறை தவறாக இருந்தது. ஒரு எண்ணுக்கு இரண்டு விளக்கம் சாத்தியம் என்கிறபோது, நமக்குப் பிடித்த விளக்கம் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் பழக்கம் அந்த ஆய்வு வடிவமைப்பில் இல்லை. நல்ல எகிறல் என்று நினைத்து மருந்தைத் தொடர்வது தவறானால் உயிர் போகும். நச்சு என்று நினைத்து நிறுத்துவது தவறானால் சில வாரச் சிகிச்சை வீணாகும். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை.

ஆய்வை வழிநடத்திய ஜே ஹூஃப்நாகல் அதற்குப் பிறகும் கல்லீரல் நோய்த் துறையிலேயே இருந்தார். மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்புகளைத் தொகுத்து எல்லாரும் இலவசமாகப் பார்க்கும்படி 2012-ல் வெளியான லிவர்டாக்ஸ் தகவல் தளத்துக்குப் பின்னால் முக்கியமாக நின்றவர் அவர். இன்று எந்த மூலையிலிருக்கும் மருத்துவரும் ஒரு மருந்தின் பெயரைத் தட்டினால் அது கல்லீரலை எப்படிப் பாதிக்கும், எத்தனை வாரத்தில், என்ன வடிவில் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்றைய மாத்திரைகள்

ஃபயலூரிடின் கதையைப் படித்துவிட்டு, இப்போது ஹெபடைடிஸ் பி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயந்துவிடக் கூடாது. அதனால் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 1998-ல் லாமிவுடின், 2005-ல் என்டெகாவிர், 2008-ல் டெனோஃபோவிர், 2016-ல் அதன் புது வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்று அடுத்தடுத்து இந்த நோய்க்கு அனுமதி பெற்றன. இவை காமா பாலிமரேஸை ஏமாற்றுவது மிகக் குறைவு. கோடிக்கணக்கான நாள்கள் மனிதர்கள் இவற்றைப் பாதுகாப்பாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். சிரோசிஸையும் புற்றுநோயையும் இவை குறைக்கின்றன. லாக்டிக் அமிலம் ஏறக்கூடும் என்ற எச்சரிக்கை இன்றும் அச்சாகி வருகிறது. கல்லீரல் ஏற்கெனவே மிக மோசமாகக் கெட்டிருப்பவர்களிடம் அதை நிஜமாகவே கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது மிக அபூர்வம்.

இன்று சிகிச்சைக் காலத்தில் கல்லீரல் திடீரென்று மோசமானால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

முதல் சந்தேகம், மருந்து நின்றுவிட்டதா? ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள் ஒரு டிஎன்ஏ வளையமாக ஒளிந்துகொள்ளும். இன்றைய மாத்திரைகள் அதைத் தொடுவதில்லை, உற்பத்தியை மட்டும் அடக்குகின்றன. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஒருவர் தானாக நிறுத்தினால் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் வைரஸ் திரும்ப எழும். பின்னாலேயே ஏஎல்டி எகிறும். சிரோசிஸ் உள்ளவருக்கு அந்த ஒரு எகிறல் போதும், வயிற்றில் நீர் கோத்து, நினைவு குழம்பி, உயிர் ஊசலாடும். இந்த மருந்துகளின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு அச்சிடப்படும் எச்சரிக்கையில் இதுவும் இருக்கிறது. லாமிவுடின் காலத்தில் இன்னொரு காரணமும் சகஜம்: ஐந்து ஆண்டு சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரிடம் வைரஸ் மருந்துக்கு மசியாத வடிவத்துக்கு மாறிவிட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எகிறும். என்டெகாவிரும் டெனோஃபோவிரும் வந்த பிறகு அந்தக் கவலை வெகுவாகக் குறைந்தது.

ஆக, ஒரே ஏஎல்டி ஏற்றத்துக்கு நாலைந்து அர்த்தம். பிரித்துப் பார்க்க ஒரே வழி வைரஸ் அளவையும் கல்லீரலின் வேலைத்திறனையும் கூடவே வைத்துப் பார்ப்பது. வைரஸ் முதலில் ஏறி, பின்னால் ஏஎல்டி ஏறினால் மருந்து விட்டுப்போயிருக்கலாம் அல்லது மசியாத வைரஸாக இருக்கலாம். வைரஸ் சரிந்துகொண்டே ஏஎல்டி ஏறி, பிலிருபினும் ஐஎன்ஆரும் அசையாமல் இருந்தால் உடம்பின் சண்டையாக இருக்கலாம். வைரஸும் சரிந்து, வேலைத்திறனும் சரிந்தால் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்துப் பாதிப்பை ஆராய்ந்த ஹைமன் ஜிம்மர்மேன் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவுகிறது: மருந்தால் செல் உடைந்து, கூடவே காமாலையும் வந்தால், சுமார் பத்தில் ஒருவருக்கு உயிராபத்து.

ஹெபடைடிஸ் சி-யில் வந்த இரண்டு எச்சரிக்கைகள்

ஹெபடைடிஸ் சி-க்கு 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்ததிலிருந்து சிகிச்சை அடியோடு மாறியது. 8 அல்லது 12 வாரம் மாத்திரை, பெரும்பாலானவர்கள் பூரண குணம். இவ்வளவு நல்ல மருந்துகளிலும் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் இரண்டு விதமாக வந்தன.

2016 அக்டோபரில் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சி வைரஸுக்கு மருந்தெடுத்த 24 பேருக்கு, உடம்பில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த பி வைரஸ் விழித்துக்கொண்டது. 2 பேர் இறந்தார்கள், ஒருவருக்கு மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. இரண்டு வைரஸும் ஒரே கல்லீரலில் இருந்தால் சி வைரஸ் பெரும்பாலும் பி-யை அடக்கியே வைத்திருக்கும். சி வைரஸைச் சில வாரத்தில் துடைத்தெடுத்தால் பி-க்குத் தடை விலகிவிடுகிறது. இதைத் தடுப்பது ரொம்ப எளிது. சிகிச்சை தொடங்கும் முன் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள். பி இருப்பது தெரிந்தால் அதற்கும் கூடவே மாத்திரை, அல்லது அடிக்கடி கண்காணிப்பு. இவ்வளவு எளிய ஒன்றைச் செய்யாமல் ஒரு உயிர் போவதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

2019 ஆகஸ்டில் அடுத்த எச்சரிக்கை. சி வைரஸின் புரோட்டியேஸ் என்ற என்சைமை முடக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் கலந்த மூன்று கூட்டு மருந்துகளை எடுத்தவர்களில் 63 பேருக்குக் கல்லீரல் மோசமானது, சிலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்த மருந்தையே எடுத்திருக்கக் கூடாதவர்கள். கல்லீரலின் நிலையை ஏ, பி, சி என்று பிரிக்கும் சைல்டு-பியூ மதிப்பெண் கணக்கில் பி அல்லது சி நிலையில் இருந்த, அதாவது கல்லீரல் ஏற்கெனவே கைவிட ஆரம்பித்தவர்கள். கெட்ட கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற முடியாது, ரத்தத்தில் தேங்கும். பாதிப்பு பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குள் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குச் சரியானது. இவர்களுக்குப் புரோட்டியேஸ் தடுப்பான் இல்லாத வேறு கூட்டு மருந்துகள் இருக்கின்றன. பிலிருபின், அல்புமின், ஐஎன்ஆர், வயிற்று நீர், நினைவுத் தெளிவு என்ற ஐந்தையும் வைத்து மதிப்பெண் போட ஐந்து நிமிடம் ஆகும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் தாங்களே கவனிக்க வேண்டியதும் இதை ஒட்டியதுதான். கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, விடாத குமட்டல், வயிறு பெருப்பது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் மூச்சு வாங்குவது, பாதம் மரத்துப்போவது. இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். நிறுத்த வேண்டுமா என்பது ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டிய முடிவு.

எலிக்கும் மனிதனுக்கும் நடுவே

முதலில் சொன்ன விலங்குக் கேள்விக்கு வருகிறேன். ஃபயலூரிடினை மனிதருக்குக் கொடுக்கும் முன் சுண்டெலி, எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் சோதித்திருந்தார்கள். கல்லீரல் செயலிழக்கும் என்று எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்பது வெகுநாள் புதிராக இருந்தது.

பதில் ஒரு சின்னக் கதவில் இருந்தது. இந்த வகை மூலக்கூறுகளை உள்ளே கடத்தும் இஎன்டி1 என்ற புரதம் மனித செல்லில் மைட்டோகாண்ட்ரியாவின் உறையிலும் இருக்கிறது. சுண்டெலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை. மருந்து எலியின் செல்லுக்குள் நுழைந்தாலும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நின்றுவிட்டது, மனிதனில் நேராக உள்ளே போனது. பிற்பாடு, ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய வைரஸைத் தாங்கும் வுட்சக் என்ற கொறிவிலங்குக்கு வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தபோது அது மனிதரைப் போலவே தாமதமாகக் கல்லீரல் கெட்டுச் செத்தது.

2014-ல் இன்னொரு சோதனை வெளியானது. சுண்டெலியின் கல்லீரல் செல்களுக்குப் பதிலாக மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்து, அந்த எலிகளுக்கு ஃபயலூரிடின் கொடுத்தார்கள். எலிகள் சோர்ந்தன, காமாலை வந்தது, லாக்டேட் ஏறியது, மனிதச் செல்களில் நுரை போலக் கொழுப்பு நிறைந்தது. பெதஸ்டாவில் 21 ஆண்டுகளுக்கு முன்னால் 7 பேரின் உடம்பில் நடந்தது அப்படியே கூண்டுக்குள் நடந்தது. மனிதச் செல் இல்லாத எலிகளுக்கு அதே அளவு மருந்தில் ஒன்றும் ஆகவில்லை.